பதினைந்து வயதுச் சொகுசு செடான்: வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா?

6 ஜனவரி 2024 (திருச்சி வாசகரின் கேள்வி)

"2012 மாடல் ஜெர்மன் செடான் ஒன்று புதிய ஹேட்ச்பேக்கின் விலைக்கு வருகிறது. ஒரே உரிமையாளர், 68,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. இந்த எஞ்சின்கள் ஐந்து லட்சம் கி.மீ. அசராமல் போகும் என்கிறார்கள். நான் ஆண்டுக்கு எட்டாயிரத்துக்கு மேல் ஓட்டமாட்டேன். பையன் கல்லூரி முடிக்கும்வரை இந்த வண்டி தாங்காதா? என் மாமனார் மட்டும் வேண்டவே வேண்டாம் என்கிறார்."

6 ஜனவரி 2024

மாமனார் என்ன காரணம் சொன்னார் என்று தெரியாது. முடிவு சரி.

எஞ்சின் ஐந்து லட்சம் போகும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. என்னுடையது 2009 மாடல் பெட்ரோல் செடான், அதுவும் ஜெர்மன்தான். எஞ்சினை இதுவரை பிரித்ததே இல்லை. ஆனால் அந்த எஞ்சினைச் சுற்றிச் செலவழித்த பணத்தில் இன்னொரு எஞ்சின் வாங்கியிருக்கலாம். தண்ணீர்க் குழாய்கள், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகள், சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள், ஆயில் சீல்கள், கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள். இவை மீட்டரைப் பார்த்து வயதாவதில்லை, காலண்டரைப் பார்த்துத்தான் வயதாகின்றன. பன்னிரண்டு ஆண்டில் 68,000 கி.மீ. என்றால் அந்த வண்டி பெரும்பாலும் போர்டிகோவில் நின்றிருக்கிறது. நின்ற வண்டியில் சீல் காயும், பேட்டரி சாகும், டேங்கில் பெட்ரோல் கெடும். அதே வயதில் 1,40,000 ஓடி, பில்கள் எல்லாம் கோப்பில் இருக்கும் வண்டி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

அதைவிட முக்கியமானது பணக் கணக்கு. வண்டியின் விலை ஐம்பது லட்சத்திலிருந்து ஏழு லட்சத்துக்கு இறங்கிவிட்டது. பாகங்களின் விலை இறங்கவில்லை. என் வண்டிக்கு ஒரு பக்க ஹெட்லைட்டுக்குக் கேட்ட விலை ஒரு லட்சத்துக்கு மேல். ஏழு லட்ச ரூபாய் வண்டி வாங்குகிறோம் என்று நினைத்துப் போனால் முதல் ஆண்டிலேயே மனம் கசந்துவிடும். ஐம்பது லட்ச ரூபாய் வண்டியின் பராமரிப்பை, ஏழு லட்சம் முன்பணம் கட்டி, தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்று தெரிந்து போனால் சமாளிக்கலாம்.

6 ஜனவரி 2024, இரவு

என் வண்டி எந்தக் கம்பெனி என்று கேட்டு வரிசையாக எழுதுகிறார்கள். சொல்லமாட்டேன். சொன்னால் பேச்சு வண்டியை விட்டுவிட்டு பானட்டில் இருக்கும் சின்னத்துக்குப் போய்விடும்.

8 ஜனவரி 2024

அந்த கிரீஸ் டாக்சிக் கதையை ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார். தெசலோனிகி நகரத்து டாக்சி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சாக்கினிடிஸ், 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி செடானில் 46 லட்சம் கி.மீ. ஓட்டி, 2004ல் அதைக் கம்பெனியின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். உண்மைக் கதைதான். ஆனால் இதைச் சொல்கிறவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் கையில் மூன்று எஞ்சின்கள் இருந்தன. ஒன்று வண்டியில் ஓடும்போது மற்றவற்றைச் சரிசெய்து வைப்பார். மொத்தம் 11 முறை எஞ்சின் மாற்றம் நடந்தது. இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் வாடுகிறது. எனக்கோ அந்த மனிதர் மேல் மரியாதை கூடுகிறது. வண்டி தானாக ஓடவில்லை, அவர் ஓடவைத்தார்.

லெக்சஸ் எல்.எஸ். 400 இன்னும் நல்ல உதாரணம். 1983ல் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா தொடங்கிவைத்த திட்டம். சுமார் 450 முன்மாதிரி வண்டிகளைச் செய்து அடித்து ஓட்டிப் பார்த்த பிறகு 1989ல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் மாட் ஃபாரா என்ற கார் எழுத்தாளர் 1996 மாடல் ஒன்றை 2014ல், ஒன்பது லட்சம் மைலை நெருங்கிய நிலையில் வாங்கி, 2019ல் பத்து லட்சம் மைல் தாண்டவைத்தார். நம் கணக்கில் 16 லட்சம் கி.மீ. அந்த வண்டிக்கும் ஊரறிந்த நோய்கள் உண்டு. பவர் ஸ்டியரிங் பம்ப் கசிந்தால் ஆயில் நேராகக் கீழே இருக்கும், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மேல் சொட்டி அதைக் கொன்றுவிடும். எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கப்பாசிட்டர்கள் வயதானால் கசிந்து போர்டை அரித்துவிடும். இரண்டுமே ரிப்பேர் செய்யக்கூடியவை, இரண்டையும் உலகமே அறியும், பாகமும் கிடைக்கும். நெடுநாள் உழைக்கும் வண்டி என்று நான் சொல்வது இந்த ரகத்தைத்தான். இந்தியாவுக்கு லெக்சஸ் முறையாக வந்ததே 2017ல்தான், ஆகவே இங்கே அந்த 400ஐத் தேடி அலையாதீர்கள்.

11 ஜனவரி 2024

"பிளாஸ்டிக் பிளாஸ்டிக் என்று பயமுறுத்துகிறீர்களே" என்று கேட்டவருக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத மதியம், திண்டிவனம் தாண்டி விழுப்புரம் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ஏசி துவாரம் வழியாக வெல்லப்பாகு காய்ச்சும் வாசம் வந்தது. பின்சீட்டில் இருந்த அம்மா, பக்கத்தில் ஏதோ ஆலை இருக்கிறது என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் திரவம் சூடானால் அந்த இனிப்பு வாசம் உண்டு. வெப்பமானியின் முள் அதுவரை நடுவிலேயே நின்றது. இந்த வண்டிகளில் முள் நடுவில் நிற்பதை நம்பவே கூடாது. பெரிய இடைவெளிக்கு அசையாதபடி மென்பொருளில் கட்டிவைத்திருக்கிறார்கள். அது நகர ஆரம்பித்தால் நமக்கு மிச்சமிருப்பது ஓரங்கட்டும் நேரம் மட்டும்.

புளியமரத்து நிழலில் நிறுத்தி, ஆறவிட்டு, பானட்டைத் தூக்கிப் பார்த்தால் கூலன்ட் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டியான எக்ஸ்பான்ஷன் டேங்கின் இரண்டு பாதிகளும் ஒட்டியிருக்கும் விளிம்பில் மயிரிழை விரிசல். வெள்ளையாக இருக்கவேண்டிய பிளாஸ்டிக் பழுப்பேறி, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. பத்து ஆண்டு வெந்நீரிலும் அழுத்தத்திலும் வெந்த பிளாஸ்டிக் அப்படித்தான் ஆகும். பாகத்தின் விலை சில ஆயிரம். அன்றைக்கு அதே முள்ளை நம்பி இன்னும் பத்து கி.மீ. ஓட்டியிருந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்து, செலவு லட்சத்துக்குப் போயிருக்கும்.

அதன் பிறகு என் வண்டியில் டேங்க், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாம் கெடுவதற்கு முன்பே, ஒரே நேரத்தில், ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறும். கெட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் மாருதி 800க்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

14 ஜனவரி 2024

இன்று போகி. காலையில் வீட்டில் எல்லோரும் வண்டியையே பார்த்தார்கள்.

14 ஜனவரி 2024, பிறகு

சும்மா பார்க்கவில்லை, காரணம் உண்டு. உள்ளே ஏசி பட்டன்கள் பிசுபிசுக்கின்றன. 2000களில் வந்த ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில், தொட்டால் மெத்தென்று இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் மேல் ஒரு பூச்சுப் பூசினார்கள். நம் ஊர் வெயிலில் அது உருகிப் பசையாகிறது. விரல் ரேகை, தூசி, ஒருமுறை முறுக்குத் துகள், எல்லாம் அதில் பதிந்துவிடும். அம்மா அதன் மேல் பான்ட்ஸ் பவுடர் தூவியதில் பட்டன்கள் வெள்ளையாகிவிட்டன. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துப் பொறுமையாகத் தேய்த்தால் பூச்சு முழுவதும் வந்து, அடியில் சாதாரணக் கறுப்புப் பிளாஸ்டிக் தெரியும். எழுத்துகளும் சேர்ந்து அழிந்துபோகலாம். எனக்கு எந்தப் பட்டன் எது என்று மனப்பாடம்.

கூரைத் துணி தொங்குவதும் இதே வகைதான். பசை காய்ந்துவிட்டது. ஓட்டத்துக்கு ஒன்றும் இல்லை. பின்சீட்டில் உட்காரும் உயரமானவர்களுக்குத் தலையில் முக்காடு.

22 ஜனவரி 2024

மெக்கானிக்கின் எண்ணைக் கேட்காதீர்கள். அவரிடம் ஏற்கெனவே வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் எப்படி என்று மட்டும் சொல்கிறேன். முன்சக்கரப் பக்கம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டொக்கென்று சத்தம். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் ஒன்றில் இரண்டு பக்கமும் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கையான கன்ட்ரோல் ஆர்மை முழுதாக மாற்றவேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். தொகையைப் பார்த்துவிட்டு பாயிடம் கொண்டுபோனேன். வண்டியைத் தூக்கி, கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பி, டார்ச் அடித்துக் காட்டினார். "சார், இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, புஷ்தான் கிழிந்திருக்கிறது. இதற்குப் போய் ஆர்மைத் தூக்கிப் போடுவார்களா?" பழைய புஷ்ஷை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளி எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினார். வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக முறுக்கவேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். தொங்கவிட்டு முறுக்கினால் புஷ் எப்போதும் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

அந்தப் புஷ், கார் கம்பெனிக்கே சப்ளை செய்யும் நிறுவனத்தின் பெட்டியில் வந்தது. பாகத்தில் கார் கம்பெனியின் முத்திரை இருந்த இடம் மட்டும் அரைத்து எடுக்கப்பட்டிருந்தது. விலை கிட்டத்தட்ட பாதி. சென்னையில் ஜி.பி. ரோட்டில் கேட்டால் இந்த வகைப் பாகங்களை வரவழைத்துத் தரும் கடைகள் உண்டு. புதுப்பேட்டையில் கழற்றிய பாகம் கிடைக்கும். கண்ணாடி, கதவுப் பிடி, டிக்கி மூடி, சீட் மோட்டார் வாங்கலாம். பிரேக் சம்பந்தப்பட்டதையும் ஏர்பேக்கையும் அங்கே தேடாதீர்கள்.

3 பிப்ரவரி 2024

கியர்பாக்ஸ் ஆயில் விவகாரம் சூடுபிடித்திருக்கிறது. வண்டியின் கையேட்டில் "மாற்றத் தேவையில்லை" என்று இருக்கிறதே என்கிறார் ஒருவர். இருக்கட்டும். பல ஜெர்மன் செடான்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. கார் விற்பவருக்கு முதல் உரிமையாளரின் சில ஆண்டுகள் போதும். நமக்கு அதற்குப் பிறகுதான் கதையே தொடங்குகிறது. என் வண்டியில் வடித்த ஆயில் கறுப்பாக இருந்தது. மாற்றியபின் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது இருந்த மெல்லிய உதறல் போய்விட்டது.

லட்சக்கணக்கில் ஓடிய பிறகு முதல்முறையாக மாற்றினால் கியர்பாக்ஸ் வழுக்க ஆரம்பிக்கும் என்று சேலம்காரர் சொல்வதையும் ஒதுக்கமுடியாது. ஏற்கெனவே தேய்ந்து வழுக்கிக்கொண்டிருக்கும் கியர்பாக்ஸ் புது ஆயிலால் குணமாகாது. நல்ல நிலையில் இருக்கும்போதே மாற்றுவதுதான் வழி. அழுத்தத்தில் ஆயிலைச் செலுத்திக் கழுவ வேண்டாம்; அடியில் இருக்கும் ஆயில் தட்டை இறக்கி, வடித்து, ஃபில்டரோடு மாற்றினால் போதும்.

3 பிப்ரவரி 2024, தொடர்ச்சி

மதுரை டாக்டருக்கு: 2005 மெர்சிடிஸ் இ-கிளாஸ் வாங்கும் யோசனையில் இருக்கிறீர்கள். டபிள்யூ 211 என்று சொல்லும் அந்தத் தலைமுறையின் முதல் பாதியில் பிரேக் மிதி மின்னணு வழியாக வேலை செய்யும், சென்சோட்ரானிக் என்று பெயர். 2004ல் 6.8 லட்சம் வண்டிகளையும், அடுத்த ஆண்டு 13 லட்சம் வண்டிகளையும் கம்பெனி திரும்ப அழைத்துப் பார்த்தது. அந்த பம்ப் யூனிட் எத்தனை முறை பிரேக் மிதித்தோம் என்று எண்ணிவைத்து, வரம்பு வந்ததும் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும். நன்றாக வேலை செய்தாலும் மாற்றச் சொல்லும். 2006ல் முகம் மாற்றியபோது அந்த பிரேக்கைக் கைவிட்டு வழக்கமான ஹைட்ராலிக்குக்கே திரும்பிவிட்டார்கள். வாங்கினால் அதற்குப் பிந்தையதை வாங்குங்கள். அதற்கும் முந்திய டபிள்யூ 124, 1995ல் புனேயில் உற்பத்தி தொடங்கிய முதல் மெர்சிடிஸ், இன்னும் நல்ல கையில் நன்றாக ஓடுகிறது. கம்ப்யூட்டர் குறைவு, இரும்பு அதிகம்.

17 பிப்ரவரி 2024

வாரண்டி முடிந்தால் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் பக்கமே போகவேண்டாம் என்று இங்கே ஒரு கருத்து உருவாகியிருக்கிறது. என் புஷ் கதையும் அதற்கு உதவியிருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் கட்டாயம் போங்கள்: உங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணுக்குத் திரும்ப அழைப்பு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று கேட்க.

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்கை மறந்துவிடாதீர்கள். ஏர்பேக்கை விரியவைக்கும் அமோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் சிதைந்து, விபத்து நேரத்தில் உலோக உறையையே வெடித்துச் சில்லுகளாகத் தெறிக்கவிடும். பல நாடுகளில் உயிர்கள் போயின. ஏர்பேக்கை ஊதும் கருவிகளான இன்ஃப்ளேட்டர்கள் உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி திரும்ப அழைக்கப்பட்டன. டகாட்டா 2017ல் திவால் ஆனது. விலை உயர்ந்த வண்டி, மலிவான வண்டி என்ற பேதம் அதில் இல்லை. வெப்பமும் ஈரப்பதமும் வயதும் சேர்ந்து செய்கிற வேலை என்பதால் கடலோர ஊர்களில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள்தான் முதலில் கேட்கவேண்டும். மாற்றித் தருவதற்குக் காசு கிடையாது.

9 மார்ச் 2024

ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது. தனியார் கார் என்றால் 15 ஆண்டு முடிந்ததும் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும். படிவம் 25, இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி, அப்புறம் வண்டியை நேரில் காட்டவேண்டும். கட்டணம் 2022 ஏப்ரல் வரை 600 ரூபாய், அதன் பிறகு 5,000. தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 அபராதம்.

சேஸிஸ் எண் எடுப்பதுதான் பெரிய கூத்து. என் வண்டியில் அது எஞ்சினுக்குப் பின்னால் ஒரு தகட்டில், ரப்பர் மூடிக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்த முகவரின் பையன் பாதி உடலை பானட்டுக்குள் விட்டு, எண்ணின் மேல் வெள்ளைத் தாளை அழுத்தி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தான். மூன்றாவது எழுத்து தெளியவில்லை. விரலில் கொஞ்சம் பெட்ரோல் தொட்டு இரும்பைத் துடைத்து மறுபடி தேய்த்தான். பதினேழு எழுத்தும் கறுப்புத் தாளில் வெள்ளையாக எழுந்து வந்தன. அவ்வளவு கம்ப்யூட்டர் உள்ள வண்டியின் அடையாளத்தை அரசாங்கம் பென்சிலால்தான் நம்புகிறது.

ஆய்வாளர் விளக்குகளையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு, "எத்தனை கொடுக்கும்?" என்று மைலேஜ் கேட்டார். சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

12 மார்ச் 2024

கோவையில் டெல்லிப் பதிவு டீசல் செடான் மலிவாக வருகிறது என்று எழுதியவருக்கு: மலிவின் காரணம் வண்டியில் இல்லை. 2024 நிலவரப்படி டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசலுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோலுக்கும் 2015 பசுமைத் தீர்ப்பாய உத்தரவுப்படி தடை. 2018ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதனால் நல்ல வண்டிகளும் அங்கிருந்து வெளியே தள்ளப்படுகின்றன. தடையின்மைச் சான்று கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே மறுபடி ஆயுள் வரி கட்டவேண்டும், அதைக் கூட்டிய பிறகும் மலிவுதானா என்று கணக்குப் போடுங்கள்.

16 ஜூன் 2024

திருச்சி வாசகர் எழுதியிருக்கிறார். அவர் வாங்கவில்லை. மாமனார் வாங்கிவிட்டார்.

மருமகனிடம் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இப்போதுதான் வெளிவந்திருக்கிறது. என்ன முதலில் செய்வது என்று கேட்கிறார்கள். கூலிங் சம்பந்தப்பட்ட ரப்பர், பிளாஸ்டிக் அனைத்தும், பிரேக் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பேட்டரி, டயர். டயரில் பட்டையைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1116 என்றால் 2016ஆம் ஆண்டின் 11வது வாரத்தில் செய்தது. பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் 120ல் போகக்கூடாது. ஸ்டெப்னியையும் பாருங்கள்.

29 ஜூன் 2024

எலி. இதைப் பற்றி யாரும் எழுதாமல் இருப்பதே அதிசயம். எங்கள் அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் ஒரு ராத்திரியில் ஆக்சிஜன் சென்சார் ஒயரைக் கடித்துவிட்டது. ஓரிடத்தில் கடித்தால் மூன்று எச்சரிக்கை விளக்குகள் எரியும். பாய் ஒயரை ஒட்டுப்போட்டு, சாலிடர் வைத்து, சுருங்கும் ரப்பர் உறை மாட்டினார். எஞ்சின் அறையில் புகையிலைக் கட்டைத் தொங்கவிடச் சொன்னதும் அவர்தான். எலி வருவதில்லை. ஏசி போட்டால் வண்டிக்குள் சுருட்டு வாசம் வருகிறது, அதனால் மனைவியும் வருவதில்லை.

16 அக்டோபர் 2024

வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்தியிருக்கும் படத்தை எல்லோரும் பகிர்கிறீர்கள். 2015 டிசம்பரையும் கடந்த ஆண்டு மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள், தப்பே இல்லை.

ஆனால் சொகுசு செடானுக்குத் தண்ணீர் மேலிருந்தும் வரும். சன்ரூஃபின் நான்கு மூலைகளிலும் வடிகுழாய் உண்டு, அது கதவுத் தூண்களுக்குள் இறங்கிக் கீழே வெளியேறும். முன்கண்ணாடிக்கு அடியில் வைப்பர் இருக்கும் தொட்டிக்கும் வடிகால் உண்டு. எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரம். அதன் பொடி இலை அந்தக் குழாய்களுக்கென்றே அளவெடுத்துச் செய்ததாகத் தோன்றும். குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளே வழிந்து கம்பளத்துக்கு அடியில் தேங்கும். மேலே கம்பளம் காய்ந்துதான் இருக்கும், அடியில் உள்ள பஞ்சு ஊறிப்போயிருக்கும். பல ஜெர்மன் செடான்களில் கன்ட்ரோல் யூனிட்டுகள் அங்கேயும் டிக்கியின் அடிப்பக்கத்திலும்தான் இருக்கின்றன. இணைப்பு ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடித்த பிறகு எந்த ஸ்கேனரும் ஒழுங்கான பதில் சொல்லாது. இன்று கதவு, நாளை ஹாரன், மறுநாள் ஸ்டார்ட் ஆகாது.

மழைக்கு முன் சன்ரூஃபைத் திறந்து மூலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் சொட்டவேண்டும். சொட்டாவிட்டால் புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பை மெல்ல விடுங்கள். காற்று அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுகொண்டால் கூரையைப் பிரிக்கவேண்டிவரும்.

2 நவம்பர் 2024

இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்பு என்று ஒரு தொகை எழுதுவார்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் அது பேசி முடிப்பது. பிரீமியம் குறையட்டும் என்று குறைத்து எழுத ஒப்புக்கொள்ளாதீர்கள். ரிப்பேர் செலவு அந்த மதிப்பின் 75 சதவீதத்தைத் தாண்டினால் மொத்த இழப்பு என்று முடித்துவிடுவார்கள். நான்கு லட்சம் என்று எழுதிய வண்டிக்கு, ஒரு ஹெட்லைட், பம்பர், ரேடியேட்டர், ஒரு ஏர்பேக் போதும். ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடிய வண்டி, காகிதத்தில் செத்துவிடும். சாதாரணப் பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளின் முகமே பிளாஸ்டிக்.

7 செப்டம்பர் 2025

இந்தப் பேச்சை மறுபடி எழுப்பிவிட்டார்கள். இந்த முறை, எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல்.

2030க்கு என்று வைத்த இலக்கை முன்னே இழுத்து, இந்த ஆண்டே எட்டிவிட்டார்கள். எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்ற மனுவை உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே பழைய வண்டிக்காரர்கள் புலம்புவதை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கவேண்டியதுதான். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, எனவே மைலேஜ் கொஞ்சம் இறங்கும், அது கணிதம். எனக்குக் கவலை மைலேஜில் இல்லை. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய வகை ரப்பரை ஊதவைக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இரண்டுமே ஆகாது. எஞ்சின் அறையில் இருந்த ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டேன். டேங்குக்குள் இருக்கும் பம்ப் என்ன செய்யப்போகிறது என்று பார்க்கவேண்டும். வண்டியை நிறுத்திவைக்காமல் வாரம் ஒருமுறையாவது நல்ல தூரம் ஓட்டுகிறேன்.

இன்னொரு செய்தி: 20 ஆண்டு கடந்த கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். இறக்குமதி கார் என்றால் 80,000. தொகையைவிட அதன் திசைதான் எனக்குச் சேதி சொல்கிறது.

23 நவம்பர் 2025

"இவ்வளவு பட்டியல் போட்டுவிட்டு நீங்கள் மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. இரண்டாவதாக ஒரு சின்ன வண்டி வீட்டில் இருக்கிறது. இது பாயிடம் பாகத்துக்காகக் காத்து நின்றாலும் யாருடைய வேலையும் கெடாது. அது இல்லாதவருக்கு நான் எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாய் இருக்கிறார், அவருக்கும் வயதாகிறது, அவருடைய மகன் மின்சார வண்டிப் படிப்புப் படிக்கிறான். புது வண்டிக்கான மாதத் தவணையோடு ஒப்பிட்டால் ஆண்டுச் செலவு இன்னும் குறைவுதான். அப்புறம் ஓட்டும் சுகம். நூறில் போகும்போது மூடிய கதவுக்குள் இருக்கும் அந்த அமைதி இன்றைய இருபது லட்ச ரூபாய் வண்டிகளில் கிடையாது.

எப்போது கொடுப்பேன் என்றால், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கன்ட்ரோல் யூனிட் போகும் அன்று. அது வண்டியின் விற்பனை விலையில் பாதிக்கு மேல் கேட்கும், போட்டாலும் கம்பெனி கணினியில் இணைத்துத்தான் உயிர்கொடுக்கமுடியும். எஞ்சின் போனால்கூட யோசிப்பேன். புதுப்பேட்டையில் எஞ்சின் கிடைக்கும்.

30 நவம்பர் 2025

பெட்ரோல் பம்ப் பற்றிக் கேட்டவர்களுக்கு: காலையில் முதல் ஸ்டார்ட் கொஞ்சம் இழுக்கிறது. பாய் அழுத்தமானி வைத்துப் பார்த்தார். நிறுத்தியபின் அழுத்தம் நிற்காமல் இறங்குகிறது. பம்ப்போடு இருக்கும் வால்வு என்கிறார். சப்ளை நிறுவனத்தின் பெட்டியில் கிடைக்கிறது, ஜி.பி. ரோட்டில் சொல்லிவைத்தாகிவிட்டது. பின்சீட்டைத் தூக்கினால் கை எட்டும் இடம்தான், டேங்கை இறக்கவேண்டியதில்லை. அதுவரை கால் டேங்குக்கு மேல் பெட்ரோல் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், திறக்கும்போது மேலே வழியும்.